மைனஸ் இருநூறும் ஒற்றை ஆணியும்

என் மாமனார் நாற்பது வருடம் ஆணி விற்றவர். ஓரங்குல ஆணி, இரண்டங்குல ஆணி, கொண்டை ஆணி, கான்கிரீட் ஆணி என்று ஊருக்கெல்லாம் எடை போட்டுக் கொடுத்த மனிதர், தன் வீட்டு ஹால் சுவரில் ஒரே ஓர் ஆணிதான் அடித்திருக்கிறார். இரண்டாவது ஆணியைப் பற்றிப் பேச்செடுத்தால், "சுவர் என்ன சல்லடையா?" என்பார். அந்த ஒற்றை ஆணியில் பல வருடமாக ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இருந்ததில்லை. காலண்டர் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் அங்கே போனபோது காலண்டர் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆணியில் ஒரு சான்றிதழ். லாமினேட் செய்தது. அதில் என் சகலையின் படம், அதாவது என் மனைவியின் தங்கை புருஷன். கழுத்தில் நீல மஃப்ளர். படத்துக்குக் கீழே, 'அகில உறைநிலைக் கணினிக் கழகம் இவரை மைனஸ் எழுபத்தெட்டார் என ஏற்றுக்கொள்கிறது' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது.

"என்ன அத்தை இது?" என்றேன், சாதாரணமாகக் கேட்பது போல.

"சின்ன மாப்பிள்ளை கம்ப்யூட்டரைக் குளிர வெச்சிருக்காராம். பூஜ்யத்துக்குக் கீழ எழுபத்தெட்டு. லேசுப்பட்ட காரியமா?"

"இருபத்திரண்டு வருஷமா நானும் குளிர வெச்சிட்டுதானே அத்தை இருக்கேன்?"

"நீங்க குளிர வெக்கிறது பாலு, மீனு. அவர் கம்ப்யூட்டரையில்ல வெச்சிருக்கார்" என்று சொல்லிவிட்டு மாமியார், எங்களுக்கு முன்பே வந்து சாப்பிட உட்கார்ந்திருந்த சகலையின் தட்டில் முதலில் பரிமாறினார்.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சகலை விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். அவர் கம்ப்யூட்டர் தன் வாழ்நாளில் 'ஐயா, வணக்கம், கீழ்க்கண்ட முகவரியில் வசிக்கும் நான்' என்பதைத் தாண்டி எதையும் கண்டதில்லை. அதைக் குளிர வைத்ததற்கு ஆணி.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் பிராசசர் என்று பிஸ்கட் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. வேலை செய்யச் செய்ய அது சூடாகும். நன்றாகக் குளிர்வித்தால், செய்த கம்பெனி சொன்ன வேகத்தையும் தாண்டி அதை விரட்டலாம். எல்லோரும் அதன்மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். சிலர் மட்டும் செம்புக் குவளை ஒன்றை அதன்மேல் நிறுத்தி உலர் பனிக்கட்டி போடுவார்கள். அது மைனஸ் எழுபத்தெட்டு. இன்னும் துணிந்தவர்கள் குடுவையிலிருந்து திரவ நைட்ரஜனை ஊற்றுவார்கள். அது மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு. சில்லு சில நிமிடம் பறக்கும், பிறகு நின்றுவிடும். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஜனங்கள் பட்டம் விடுவதில்லையா? ஆனால் பட்டம் விடுகிறவர்களுக்குத் தலைவர், செயலாளர், விதிப் புத்தகம், மஃப்ளர் எல்லாம் வந்துவிட்டால் பட்டத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

வீடு திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "கழகத்துல மஃப்ளரை மேடையில கூப்பிட்டுப் போட்டாங்களாம். தங்கச்சி சொன்னா."

"என்கிட்டயும்தான் மஃப்ளர் இருக்கு."

"அது நான் கடையில வாங்கிக் குடுத்தது."

மறுநாள் காலை கழக அலுவலகத்தில் நின்றேன்.

செயலாளர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில். படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்:

"தொழில்?"

"ஃப்ரிட்ஜ் மெக்கானிக்."

பேனா நின்றது. "எவ்வளவு தூரம் இறங்குவீங்க?"

"ஃப்ரீசர்ல மைனஸ் பதினெட்டு சார்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்குப் பேர் குளிர் இல்லீங்க. சமையலறை" என்றவர், என் பெயருக்கு எதிரே 'வெதுவெதுப்பு' என்று எழுதினார். புதிதாகச் சேர்கிறவர்களின் அந்தஸ்து அது.

கழகத்தின் கூட்ட அரங்கில் அவரவர் எட்டிய குளிரின்படிதான் இருக்கை. ஏசி முகத்தில் அடிக்கும் முதல் வரிசை மைனஸ் நூற்றைத் தாண்டியவர்களுக்கு. அவர்கள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தைப் பெருமையாகக் கொஞ்சம் உரக்கவே அடிப்பார்கள். அடுத்த வரிசை எழுபத்தெட்டார்கள். சகலை அங்கே மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தார். வெதுவெதுப்புகள் கதவோரம், ஏசி எட்டாத இடத்தில். இடைவேளையில் முன்வரிசைகளுக்கு ஆறிப்போன டீ வந்தது. மேலே ஆடை படர்ந்திருந்தது. சூடான பானம் அவர்களுக்கு விதிப்படி கிடையாது. எங்களுக்கு மட்டும் ஆவி பறக்கும் டீ. வாழ்க்கையில் நான் குடித்த நல்ல டீக்களில் அதுவும் ஒன்று. ஆனால் முதல் வாய்க்கு மேல் இறங்கவில்லை. சகலை அந்த ஆறின டீயைக் குடிக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே என் டம்ளரை ஆறவிட்டேன். செயலாளர் வந்து, "அதெல்லாம் தகுதி வந்த பிறகு" என்று சொல்லி, ஆறிய டம்ளரை வாங்கிக்கொண்டு சூடாக வேறு கொடுத்தார்.

பிறகு தலைவர் பேசினார். வெந்நீர் ஹீட்டர் வியாபாரத்தில் பெரிய ஆளாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நண்பர்களே! வெளியில நம்மளக் கேக்கிறாங்க, 'உங்க கம்ப்யூட்டர் என்ன வேலை செய்யுது?'ன்னு. நான் நெஞ்ச நிமிர்த்திச் சொல்றேன்: ஒரு வேலையும் செய்யல! வேலை செஞ்சா என்ன வரும்?"

"சூடு!" என்றது சபை.

"சூடு நமக்கு யாரு?"

"எதிரி!"

"அப்ப எதிரிய உண்டாக்கிற வேலை நமக்கு யாரு?"

"எதிரி! எதிரி!"

"இந்தக் கழகத்துக்கு நான் பதினோரு வருஷமாத் தலைவர். இந்தப் பதினோரு வருஷத்துல இங்க ஒரு வேலையாவது நடந்திருக்குன்னு யாராவது விரல் நீட்டிச் சொல்ல முடியுமா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கையுறை போட்டிருந்ததால் சத்தம் மட்டும் வரவில்லை.

இரண்டு மாதத்தில் ஆண்டுப் போட்டி. ஆணி அங்கேதான் தீர்மானமாகும் என்று எனக்குத் தெரிந்தது. பட்டறையை மூடிவிட்டு உட்கார்ந்தேன். என் தொழிலில் கற்றதை எல்லாம் கொட்டினேன். நைட்ரஜன் ஊற்றும் செம்புக் குவளையைச் சுற்றி ரப்பர் உறை, அதன்மேல் ஒட்டு நாடா, சில்லு உட்காரும் மதர்போர்டு முழுக்க வாசலின் பூச்சு, காற்று நுழைய ஊசிமுனை இடைவெளி கிடையாது. பனி எப்போது வரும் என்பது மெக்கானிக்குக்குக் கேட்காமலே தெரியும். ஈரக்காற்று எங்கே உள்ளே கசிகிறதோ அங்கே வரும். ஃப்ரீசரில் பனி பிடித்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், வாடிக்கையாளர் திட்டுவார். என் இயந்திரத்தில் பொட்டுப் பனி இல்லை. மைனஸ் நூற்றிருபதில் மூன்று மணி நேரம் பிராசசர் நிற்காமல் ஓடியது. நானே அசந்துபோனேன்.

போட்டியன்று என் மேசைக்கு அடுத்த மேசை சகலைக்கு. அவரும் இப்போது நைட்ரஜனுக்கு ஏறியிருந்தார். உறை இல்லை, பூச்சு இல்லை. குவளையைச் சுற்றி வெள்ளைத் தாடி மாதிரி பனி தொங்கியது. அவர் திரை இருட்டாக இருந்தது.

"என்ன சகலை, செத்துப்போச்சா?" என்றேன்.

"இல்லண்ணே. அமைதியா இருக்கு" என்றார்.

நடுவர் வந்தார். கழகத்தில் அவரைப் பனியளப்பவர் என்பார்கள். கையில் தெர்மோமீட்டர் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்டீல் ஸ்கேல். கழகம் தொடங்கிய வருடம் முதல் போட்டியிலேயே இருந்த ஒரே தெர்மோமீட்டரும் குளிர் தாங்காமல் வெடித்துவிட்டதாம். புதிது வருகிறவரை பனியின் கனத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளலாம் என்று தற்காலிகமாக ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அது இப்போது விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி இருக்கிறது.

என் குவளையின் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார். எடுத்தார். திருப்பி வைத்தார்.

"பனி எங்கய்யா?"

"வரவிடல சார்."

"வரவிடலையா? எதுக்கு மறைக்கிறீங்க?"

"மறைக்கல சார். இந்த மீட்டரப் பாருங்க, மைனஸ் நூத்தியிருபது. திரையப் பாருங்க, ஓடிட்டிருக்கு."

"மீட்டர் என்ன வேணாலும் காட்டும். பனி பொய் சொல்லாது." அவர் நோட்டில் எழுதிக்கொண்டே குனிந்து கேட்டார். "அதென்ன சத்தம்?"

"கம்ப்யூட்டர் சார். வேலை செய்யுது."

"நடுவர் நிக்கும்போதேவா!" என்று அதிர்ந்துபோய் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

முடிவு ஒலிபெருக்கியில் வந்தது. சகலை: பனி மூன்று சென்டிமீட்டர், ஆழ்ந்த அமைதி, மைனஸ் நூற்றுப்பத்தார் என்று உயர்த்தப்படுகிறார். நான்: பனி பூஜ்யம், ஒழுங்கின்மை, வெதுவெதுப்பாகவே தொடர்வேன்.

அடுத்த ஞாயிறு மாமனார் வீட்டு ஆணியில் பழையதைவிட இரண்டு மடங்கு பெரிய சான்றிதழ். அதன் முன்னால் நின்று மாமனார் சொன்னார்: "எவ்வளவு பாரம் தாங்குது பார்த்தீங்களா மாப்பிள்ளை? என் கடை ஆணி." எனக்குச் சகலைமேல் இருந்த பொறாமையில் ஒரு பங்கு அன்று அந்த ஆணியின் மேலும் வந்தது.

அன்று சாப்பிடும்போது என் மனைவி என் பக்கமே திரும்பவில்லை. அவள் தங்கை மட்டும், "அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா, பாவம்" என்றாள். ரசத்தைத் தொடாமல் எழுந்து கை கழுவினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பனியைத் தடுக்க எனக்குத் தெரியும் என்றால், வளர்க்கவும் எனக்குத்தானே தெரியும்? இருபத்திரண்டு வருடமாக ஜனங்கள் என்னிடம் கொண்டுவந்த புகார்கள் அத்தனையும் பனி வளர்க்கும் பாடம். ரப்பர் கிழிந்திருக்க வேண்டும். கதவு சரியாகச் சாத்தக்கூடாது. பக்கத்தில் எதையாவது கொதிக்க வைக்க வேண்டும்.

அரையாண்டுச் சிறப்புப் போட்டிக்குப் போனேன். உறை, பூச்சு எதுவும் இல்லை. குவளைக்குப் பக்கத்தில் ஒரு கெட்டிலைக் கொதிக்கவிட்டு, ஆவியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். நைட்ரஜனை ஊற்ற ஊற்ற, பனி குபுகுபுவென்று பூத்தது. பிராசசரை நான் மாட்டவே இல்லை. நல்ல பொருளை எதற்கு ஈரத்தில் கெடுக்க வேண்டும்?

பனியளப்பவர் ஸ்கேலை வைத்தார், எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார்.

"ஏழு சென்டிமீட்டர்!"

"கீழ்ப்பக்கம் பாருங்க சார், எட்டு இருக்கும்."

"ஓரம் கணக்கில வராது."

"ஓரம் வேணாம். நடுவுல இந்தக் கொம்பு மாதிரி நிக்குதே, அதையாவது சேத்துக்குங்க. ஏழேமுக்கால்னு போடுங்க."

"ஏழரை. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க" என்று எழுதிக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் காதை வைத்தார். "என்ன அமைதி! இப்படி ஒரு அமைதிய நான் கேட்டதே இல்ல."

அடுத்த மேசையில் சகலை என் பனியைப் பார்த்தார். தன் பனியைப் பார்த்தார். மறுபடி என் பனியைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் நான் அத்தனை பாடும் பட்டேன் என்று அப்போது புரிந்தது.

மேடையில் தலைவர் எனக்கு மஃப்ளர் போட்டு, மைனஸ் இருநூறார் என்று அறிவித்தார். கழக வரலாற்றிலேயே முதல் ஆள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவர் காதோரம் சொன்னேன்: "ஐயா, நைட்ரஜனை ஊத்தினா நூத்தித் தொண்ணூத்தாறுதாங்க வரும். இருநூறு எப்படி?"

"மிச்சம் நாலு உங்க பணிவுக்கு" என்றார் தலைவர்.

சான்றிதழோடு ஒரு காகிதத்தையும் செயலாளர் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். மளிகைக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டவனில்லை. ஆனால் அந்த நேரம் என் கண் கூட்டத்தில் சகலையின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆணியிலிருந்து சகலை இறங்கினார், நான் ஏறினேன். மாமியார் அன்று எனக்கு முதலில் பரிமாறினார். மனைவி தன் தங்கையைப் பார்த்து, "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா, பாவம்" என்றாள். வாழ்க்கையில் அவளை நான் அவ்வளவு நேசித்தது கிடையாது.

இரவு படுக்கப் போகுமுன் அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து வாசித்தேன். 'பனிக் காப்பு உறுதிமொழி. விதி பதினேழு: மைனஸ் நூற்றைத் தாண்டிய உறுப்பினர் எவரும் எவ்விடத்திலும் எக்காரணம் கொண்டும் பனியை அகற்றவோ, அகற்றும் வழியைப் பிறருக்குச் சொல்லவோ கூடாது. மீறினால் சான்றிதழும் மஃப்ளரும் திரும்பப் பெறப்படும்.'

என் தொழிலே பனி அகற்றுவதுதான். பரவாயில்லை என்று நினைத்தேன். காலையில் மீன்கடைக்காரர் பட்டறைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, ஃப்ரீசர் முழுக்கப் பனி. கதவு சாத்த மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

"சாத்தாட்டி என்ன? இன்னும் நல்லா வளரும்."

"மீனை எடுக்க முடியலண்ணே. உள்ள மாட்டிக்கிச்சு."

"எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உடம்பப் பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிப் போய்விட்டார். மூன்று வாரம் இப்படித்தான் ஓடியது. வந்தவர்களெல்லாம் அடுத்த தெரு மெக்கானிக்கிடம் போனார்கள். எனக்கு என்ன? ஆணியில் நான் இருந்தேன்.

நாலாவது ஞாயிறு மாமனார் வீட்டுக்குள் கால் வைத்ததும் மாமியார் வேகமாக வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க பெரிய மாப்பிள்ளை. நம்ம ஃப்ரிட்ஜ்ல மேல ஒரே பனி. பட்டாணி டப்பா வெச்சேன், முழுங்கிடுச்சு. ஐஸ் டிரேயும் வரல. கொஞ்சம் எடுத்து விடுங்களேன்."

ஐந்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துச் சாத்தினால் தானாக விழும். கை நீட்டப் போனேன். சோபாவில் சகலை உட்கார்ந்திருந்தார். அவர் கைப்பேசி என் பக்கம் திரும்பியிருந்தது. கேமரா தயாராக இருந்தது.

"எடுங்கண்ணே" என்றார் அன்பாக. "நான் சும்மா ஒரு ஞாபகத்துக்குப் பிடிச்சுக்கிறேன். செயலாளருக்கும் ஒரு காப்பி அனுப்பலாம்."

கையை மடக்கிக்கொண்டேன். "அது இருக்கட்டும் அத்தை. நாலு சென்டிமீட்டர் இருக்கு. அருமையான பனி."

"பட்டாணி உள்ள இருக்கே?"

"பட்டாணிக்கு ஒண்ணும் ஆகாது அத்தை. நூறு வருஷம் அப்படியே இருக்கும்."

மாமியார் முகம் சுருங்கியது. ஹாலிலிருந்து மாமனார், "இவ்ளோ பெரிய பட்டம் வாங்கி என்ன, வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஆகல" என்றார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

சகலை கைப்பேசியை வைத்துவிட்டு எழுந்தார். சட்டைக் கையை மடித்தார்.

"நான் எடுக்கிறேன் அத்தை."

"நீங்களும் உறுதிமொழி போட்டிருக்கீங்களே சகலை!" என்றேன். "நூத்திப்பத்து!"

"நேத்தே ராஜினாமா பண்ணிட்டேண்ணே. நான் இப்ப வெறும் மனுஷன்."

தன் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தார். நல்ல கூர்மை. ஃப்ரீசருக்குள் தலையை விட்டார்.

ஃப்ரீசருக்குள் கூரான இரும்பு படக்கூடாது. இது என் தொழிலின் முதல் பாடம். பனிக்குப் பின்னால் இருப்பது காகிதம் மாதிரி மெல்லிய தகடு. அதற்குள்தான் வாயு ஓடும் குழாய். ஒரு குத்து விழுந்தால் வாயு போய்விடும், ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி. என் வாய் பாதி திறந்தது. விதி பதினேழு நினைவுக்கு வந்தது: அகற்றும் வழியைப் பிறருக்குச் சொல்லவும் கூடாது. மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், விதி நினைவுக்கு வருவதற்கு முன்பே மூடிவிட்டேன்.

சகலை ஓங்கிக் குத்தினார். பனிப்பாளம் ஒன்று உடைந்து விழுந்தது. மாமியார், "அடேயப்பா!" என்றார். இன்னொரு குத்து. இன்னொரு பாளம். பட்டாணி டப்பா வெளியே வந்தது. மூன்றாவது குத்தில் உள்ளிருந்து ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம் கிளம்பியது.

"கேட்டீங்களா!" என்றார் மாமியார் பூரித்துப்போய். "அடைப்பு விட்டுப் போச்சு. உள்ள எப்படிக் காத்து ஓடுது பாருங்க! பெரிய மாப்பிள்ளை எத்தனையோ தடவை பாத்திருக்கார், ஒரு நாளாவது இப்படி ஒரு சத்தம் வந்திருக்கா?"

எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் கையுறை போட்டிருக்கவில்லை. சத்தம் நன்றாகவே கேட்டது. இந்த வீட்டில் அதே ஃப்ரிட்ஜை இருபத்திரண்டு வருடம் காப்பாற்றியவன் நான். எனக்கு ஒரு தடவை கூட யாரும் கைதட்டியதில்லை. கொலை செய்தவருக்குத் தட்டுகிறார்கள். அந்தக் கணம் சகலையிடம் நான் பொறாமைப்பட்டது எதற்கென்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது: அந்தக் குத்துக்கு.

தரையெல்லாம் பனி உடைசலும் தண்ணீருமாகக் கிடந்தது. சகலை முகம் துடைத்த துண்டு சொட்டச் சொட்ட இருந்தது.

"ஈரத்துண்ட எங்க மாட்டுறது?" என்றார் மாமியார்.

எல்லோர் கண்ணும் ஹால் சுவருக்குப் போயிற்று. மாமனார் எழுந்து போய் என் சான்றிதழைக் கழற்றினார். ஆணியில் சகலையின் துண்டு ஏறியது. சான்றிதழைக் கையில் வைத்து எங்கே போடுவதென்று யோசித்தவர், குனிந்து அதன் ஓரத்தால் தரையிலிருந்த பனியை வாரி வாளியில் கொட்டினார்.

"லாமினேட் பண்ணது நல்லதாப் போச்சு" என்றார்.

என் படத்தின் மேல் ஒரு பனித்துண்டு உட்கார்ந்திருந்தது. பழக்கத்தில் கண்ணாலேயே அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றரையாயிற்று.

மறுநாள் காலை கழகத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி மஃப்ளரோடு அனுப்பிவிட்டுப் பட்டறையைத் திறந்தேன். கைப்பேசி எப்போது அடிக்கும் என்று எனக்குத் தெரியும். வாயு முழுக்கப் போக ஓர் இரவு, மாமியார் பாலைத் தொட்டுப் பார்க்க ஒரு காலை. புதுக் குழாய், வெல்டிங் சாமான், வாயு சிலிண்டர் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். பத்து மணிக்கு அடித்தது.

"மாப்பிள்ளை, ஃப்ரிட்ஜ் சுத்தமாக் குளிர மாட்டேங்குது. பாலெல்லாம் போச்சு."

"இதோ கிளம்பிட்டேன் அத்தை. பத்தே நிமிஷம்."

"நீங்க எதுக்கு அலையணும்? சின்ன மாப்பிள்ளைக்குத்தான் போட்டுப் போட்டுப் பாக்கிறேன், லைன் கிடைக்கல" என்றார் மாமியார். "நீங்க கொஞ்சம் அவரப் பிடிச்சு வரச் சொல்றீங்களா? வரும்போது அந்த ஸ்குரூ டிரைவரையும் மறக்காம எடுத்திட்டு வரச் சொல்லுங்க."